எரிந்தழியும் உலகா, புதிதாகும் உலகா?

கிறிஸ்தவ நம்பிக்கையின் முடிவான பொருள் யாது என்று நமது சபைகளில் வினவினால், பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றே. ஆத்துமா சரீரத்தைவிட்டுப் பரலோகம் சேரும். பூமியோ ஒரு நாள் அக்கினிக்கு இரையாகும். அடக்க ஆராதனைகளிலும் எழுப்புதல் கூட்டங்களிலும் இவ்விடையே மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. கிறிஸ்துவுக்குள் மரிப்போர் அவரோடு இருப்பர் என்பது பவுலடியாரின் உறுதி (பிலிப்பியர் 1:23). ஆனால் இது பாதி விடையே. மரித்தோரின் உயிர்த்தெழுதலும், புதிய வானமும் புதிய பூமியும், படைப்பு முழுவதும் அழிவின் அடிமைத்தனத்தினின்று விடுதலை பெறுதலும் சேர்ந்ததே திருமறை கூறும் நம்பிக்கை. முழு விடை பாதி விடையாகச் சுருங்கியது எவ்வாறு?

இதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. கிரேக்கத் தத்துவத்தின் செல்வாக்கு ஒன்று. மேலை நாட்டுப் பக்தி இயக்கங்களின் தனிமனித நோக்கு மற்றொன்று. இவற்றை மறுப்பதற்கில்லை. எனினும் நமக்கு மிக அருகில் இருந்தும் நாம் அதிகம் ஆராயாத காரணம் ஒன்று உண்டு. அது நமது சபைகள் நாள்தோறும் வாசிக்கும் தமிழ் வேதாகமத்தின் சொற்களே. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் முழு வேதாகமமாக வெளிவந்த ஐக்கியத் திருப்புதல், நமது ஜெபத்தின் மொழியையும் பிரசங்கத்தின் மொழியையும் உருவாக்கியது. அதன் அருமையை நாம் நன்கு அறிவோம். ஆயினும் உலகின் புதுப்பித்தலைப் பற்றிய மூன்று முக்கியமான இடங்களில் அதன் சொற்கள் அந்நம்பிக்கையை நம் கண்ணுக்கு மறைத்துவிட்டன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1. எரிதலா, கண்டறியப்படுதலா?

முதலாவது இடம் 2 பேதுரு 3:10. ஆண்டவருடைய நாளில் பூமியும் அதிலுள்ள செயல்களும் எரிந்து அழியும் என்ற பொருளில் நமது திருப்புதல் இவ்வசனத்தை முடிக்கிறது. உலக முடிவைப் பற்றிய பிரசங்கங்களில் இதைவிட அதிகமாக எடுத்தாளப்படும் வசனம் அரிது. ஆனால் இவ்வசனத்தின் இறுதி வினைச்சொல்லில் பழைய கைப்பிரதிகள் ஒன்றுபடவில்லை. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய்ப் பிரதியும் வத்திக்கான் பிரதியும் இங்கே 'கண்டறியப்படும்' என்னும் பொருளுடைய வினையைக் கொண்டுள்ளன. ஐந்தாம் நூற்றாண்டின் அலெக்சாந்திரியப் பிரதியும் பிற்காலப் பிரதிகள் பலவும் 'எரிக்கப்படும்' என்னும் வினையைக் கொண்டுள்ளன. பிந்தியதே பதினாறாம் நூற்றாண்டு அச்சுப் பதிப்புகளில் இடம்பெற்று, 1611இன் ஆங்கிலத் திருப்புதலுக்கும் பின்னர் நமது திருப்புதலுக்கும் வந்து சேர்ந்தது.

இதற்காகத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் குறைகூறுவது நியாயமன்று. வெஸ்ட்காட், ஹார்ட் ஆகியோரின் கிரேக்கப் பதிப்பு 1881இல்தான் வெளிவந்தது. தம் கையிலிருந்த பாடத்தை அவர்கள் உண்மையோடு மொழிபெயர்த்தனர். நமது கேள்வி அவர்களைப் பற்றியதன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அச்சொல்லின் மீதே உலக முடிவைப் பற்றிய முழுப் போதனையையும் எழுப்பும் நம்மைப் பற்றியது.

'கண்டறியப்படும்' என்பதன் பொருள் என்ன? நான்கு வசனங்கள் கடந்து, 3:14இல் ஆசிரியர் அதே வினையை மறுபடியும் ஆளுகிறார். விசுவாசிகள் கறையற்றவர்களாய் அவர் முன்பு காணப்பட வேண்டும் என்கிறார். 1 பேதுரு 1:7இலும் நெருப்பினால் சோதிக்கப்படும் பொன்னோடு விசுவாசத்தை ஒப்பிடுமிடத்தில் அதே வினை வருகிறது. எனவே இங்கு பேசப்படுவது நியாயாதிபதியின் முன் நிற்கும் நிலை. பூமியும் அதில் மனிதர் செய்தவையும் திரைகள் நீங்கி, உள்ளது உள்ளபடி வெளிப்படும். மல்கியா தீர்க்கர் கண்ட புடமிடுகிறவரின் அக்கினி இதுவே. புடமிடுகிறவர் வெள்ளியை அழிக்க நெருப்பு மூட்டுவதில்லை.

இவ்வதிகாரத்தின் வாதமும் இதையே காட்டுகிறது. 3:6இல் ஆசிரியர் நோவாவின் காலத்து உலகம் ஜலத்தினால் அழிந்தது என்கிறார். ஆயினும் பெருவெள்ளம் வடிந்தபின் நோவா பேழையினின்று இறங்கியது வேறொரு கோளத்தில் அன்று. அதே பூமியில், அதே மண்ணில். அங்கே 'அழிந்தது' என்பது பொல்லாங்கு நிறைந்த ஓர் உலக ஒழுங்கு. ஜலத்தினால் வந்த நியாயத்தீர்ப்பை ஆசிரியர் அக்கினியால் வரும் நியாயத்தீர்ப்புக்கு முன்மாதிரியாக நிறுத்துகிறாரெனில், முன்மாதிரிக்குப் பொருந்தாத முடிவை நிறைவேறுதலில் ஏற்றிக் கூற நமக்கு உரிமை இல்லை. 3:13இல் அவர் நீதி குடியிருக்கும் புதிய பூமியை எதிர்நோக்குமாறு கூறி முடிப்பதும் கவனிக்கத்தக்கது.

2. மறுஜென்மமா, புதுப்படைப்பா?

இரண்டாவது இடம் மத்தேயு 19:28. மனுஷகுமாரன் தமது மகிமையின் சிங்காசனத்தில் வீற்றிருக்கும் காலத்தை நம் ஆண்டவர் இங்கு குறிப்பிடுகிறார். சுவிசேஷகர் அதற்கு ஆளும் சொல் 'பாலிங்கெனெசியா'. 'மறுபடியும்', 'பிறப்பு' என்னும் இரு சொற்கள் இணைந்த கூட்டுச்சொல் அது. நமது திருப்புதல் அதனைச் சொல்லுக்குச் சொல்லாக 'மறுஜென்மம்' என்று பெயர்த்தது.

சொல்லளவில் இதில் பிழையில்லை. கேட்போர் செவியில்தான் இடர் எழுகிறது. தமிழில் மறுஜென்மம் என்றால் ஒருவர் மரித்து வேறொரு பிறவி எடுப்பதையே எவரும் கருதுவர். சபைக்குள் பழகியவர்களோ தீத்து 3:5இல் அதே சொல் ஞானஸ்நானத்தோடு இணைந்து வருவதால், ஒரு தனி மனிதரின் மனமாற்றத்தை நினைப்பர். இரண்டும் மத்தேயு கூறுவதன்று. முதலாம் நூற்றாண்டின் யூத எழுத்தாளர் இச்சொல்லை எவ்வாறு ஆண்டனர் என்பதை நோக்கினால் அதன் விரிவு விளங்கும். பெருவெள்ளத்திற்குப் பின் நோவாவின் குடும்பத்தோடு தொடங்கிய உலகப் புதுவாழ்வைக் குறிக்கப் பிலோ இச்சொல்லை ஆளுகிறார். சிறையிருப்பினின்று திரும்பிய யூதர் தம் தாய்நாட்டை மீளப் பெற்றதைக் குறிக்க யோசேப்பு இச்சொல்லை ஆளுகிறார். நிலமும் மக்களும் சேர்ந்து புத்துயிர் பெறுவதே இவ்விரு இடங்களிலும் பொருள். ஆண்டவரின் வாக்கிலும் இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்கள் உடன்வருவது தற்செயலன்று. ஒரு சமுதாயத்தின், ஓர் உலகத்தின் புதுப்பிறப்பே அங்கு பேசப்படுகிறது.

1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் 'புதுப்படைப்பு' என்னும் சொல்லை ஏற்றிருப்பது வரவேற்கத்தக்கது. ஆயினும் நமது சபைகளில் பெரும்பாலானவை பிரசங்க பீடத்தில் இன்றும் பழைய திருப்புதலையே வாசிக்கின்றன. ஆகவே இச்சொல்லை விளக்கும் பொறுப்பு குருமாரைச் சார்ந்தது.

3. நிறைவேறுதலா, சீர்ப்படுத்தலா?

மூன்றாவது இடம் அப்போஸ்தலர் நடபடிகள் 3:21. பரலோகம் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டிருப்பது எந்தக் காலம் வரை என்பதைப் பேதுரு இங்கு கூறுகிறார். மூலச்சொல் 'அப்போகட்டஸ்டாஸிஸ்', பழைய நிலைக்குத் திரும்பக் கொணர்தல், சீர்ப்படுத்துதல் என்பது அதன் பொருள். நமது திருப்புதல் தீர்க்கதரிசிகள் உரைத்தவை நிறைவேறும் காலம் என்று இதனைப் பெயர்த்துள்ளது. வசனத்தின் இலக்கண அமைப்பு அதற்கும் இடந்தருகிறது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் 'நிறைவேறுதல்' என்று கேட்கும்போது ஓர் அட்டவணை முடிவுறுவதாகத் தோன்றுகிறது. உடைந்தது ஒன்று சீராவதாகத் தோன்றுவதில்லை.

இச்சொல்லின் வினைவடிவம் புதிய ஏற்பாட்டில் வேறு இடங்களில் எவ்வாறு வருகிறது என்று பார்ப்போம். மாற்கு 3:5இல் சூம்பின கையையுடைய மனிதனின் கை மறு கையைப்போல் குணமடைந்தபோது சுவிசேஷகர் ஆளும் வினை இதுவே. அப்போஸ்தலர் நடபடிகள் 1:6இல் இஸ்ரவேலுக்கு ராஜ்யத்தை மீண்டும் தருவீரோ என்று சீஷர் கேட்கும்போதும் வினை இதுவே. இவ்விரு இடங்களிலும் நமது திருப்புதல் மீட்டளிக்கும் பொருளைச் செம்மையாகவே தந்துள்ளது. மூன்றாம் அதிகாரத்தில் மட்டும் அப்பொருள் மங்கிவிட்டது.

அவ்வதிகாரம் எங்கே தொடங்குகிறது என்பதை மறக்கலாகாது. அலங்கார வாசலில் பிச்சை கேட்டுக்கொண்டிருந்த, பிறவியிலேயே நடக்க இயலாத ஒரு மனிதன் எழுந்து நடக்கிறான். அதைக் கண்டு வியந்து கூடிய மக்களுக்கே பேதுரு பிரசங்கிக்கிறார். அம்மனிதனின் கால்கள் பலப்பட்டதைச் சுட்டிக்காட்டியவர், அதே பிரசங்கத்தில் எல்லாம் சீர்ப்படும் காலத்தைப் பேசுகிறார். ஒரு பிச்சைக்காரனின் கால்களில் நிகழ்ந்தது உலகம் முழுவதற்கும் நிகழ இருப்பதன் முதற்பலன். இத்தொடர்பை நமது வாசகர் காணாமற்போனது பெரிய இழப்பு.

4. சபையின் பழைய சாட்சி

உலகின் புதுப்பித்தல் என்பது அண்மைக்கால இறையியலார் கண்டுபிடித்த கருத்து என்று எண்ணுவோர் உண்டு. சபையின் வரலாறு வேறு கூறுகிறது. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரேனியு, தமது ஐந்தாம் நூலில், படைப்பின் சாரம் அழிவதில்லை, அதன் தற்போதைய கோலமே கடந்துபோகும் என்று வாதிட்டார். படைப்பை இழிந்த தெய்வமொன்றின் கைவேலை என்று இகழ்ந்த ஞானவாதிகளுக்கு எதிராக அவர் எழுதியது இது. பூமியைக் கைவிடும் நம்பிக்கை, அதைப் படைத்தவரையும் கைவிடும் என்பதை அவர் கண்டிருந்தார்.

சீர்திருத்த சபைகளில் கருத்து பிரிந்தது. பதினேழாம் நூற்றாண்டின் லுத்தரன் இறையியலார் யோகான் கெர்ஹார்ட், உலகம் தன் சாரத்திலேயே இல்லாமற்போகும் என்று போதித்தார். அவருக்கு முன்பே கால்வின், 2 பேதுருவுக்கு எழுதிய விளக்கவுரையில், அக்கினி உலகைத் தூய்மைப்படுத்தும், அதன் சாரம் நிலைத்திருக்கும் என்று கூறியிருந்தார். 'எரிக்கப்படும்' என்னும் பாடத்தை வாசித்துக்கொண்டே அவர் இம்முடிவுக்கு வந்தார் என்பது நமக்குப் பாடமாக வேண்டும். ஜான் வெஸ்லி 1781இல் எழுதிய பிரசங்கமொன்றில், ரோமர் எட்டாம் அதிகாரத்தை ஆதாரமாகக் கொண்டு, துன்புறும் விலங்குகளும் அந்த விடுதலையில் பங்குபெறும் என்று போதித்தார். நமது நாட்டில் லுத்தரன் சபையும், சீர்திருத்த மரபினரும், மெதடிஸ்தரும் ஊழியம் செய்தனர். இம்மூன்று மரபுகளுள் நம் மக்களின் மனத்தில் எது மேலோங்கியது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

5. மாநாடுகளின் பேச்சும் சபையின் பேச்சும்

இருபதாம் நூற்றாண்டில் இந்நம்பிக்கை மீண்டும் விவாதத்திற்கு வந்தது. 1954இல் இவான்ஸ்டனில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றத்தின் இரண்டாம் பேரவை, உலகத்தின் நம்பிக்கையாகக் கிறிஸ்துவை அறிக்கையிட்டது. 1968இல் உப்சலாவில் கூடிய நான்காம் பேரவை, வெளிப்படுத்தின விசேஷம் 21:5ஐத் தன் தலைப்பாகக் கொண்டது. நமது நாட்டவரான எம். எம். தாமஸ் அங்கேயே மன்றத்தின் மத்தியக் குழுத் தலைவராகத் தெரிந்துகொள்ளப்பட்டார். இதற்கிடையில் 1964இல் யூர்கன் மோல்ட்மன் நம்பிக்கையின் இறையியலை வெளியிட்டார். 1943இல் ஹாம்பர்க் நகர் குண்டுவீச்சில் எரிந்தபோது, அங்கே விமான எதிர்ப்புப் படையில் துணைப்பணி செய்த இளைஞர் அவர். அருகில் நின்ற நண்பர் மாண்டார்; தாம் ஏன் பிழைத்தோம் என்ற கேள்வியோடு அவர் சிறைமுகாமுக்குச் சென்றார். எரிந்த நகரைக் கண்ணால் கண்டவர் உலகம் எரிந்தழிவதை நம்பிக்கை என்று அழைக்க மறுத்தார். 1995இல் எழுதிய நூலில் அவர் கெர்ஹார்ட்டின் போதனையையும் கால்வின் மரபையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். 2024இல் அவர் மறைந்தபோது, உலகெங்கும் இறையியற் கல்லூரிகள் அவரை நினைவுகூர்ந்தன.

இவற்றையெல்லாம் நமது கல்லூரிகளில் கற்பிக்கிறோம். தேர்வுகளில் வினாவாக வைக்கிறோம். ஆயினும் இவற்றைக் கற்ற மாணவர் ஆயராகி முதல் அடக்க ஆராதனையை நடத்தும்போது, அவர் நாவில் வருவது பழைய பாதி விடையே. குறை அம்மாணவரிடத்தில் மட்டும் இல்லை. மோல்ட்மனின் கருத்துகளை நாம் தமிழாக்கினோம். ஆனால் மத்தேயு 19:28ஐயும் அப்போஸ்தலர் நடபடிகள் 3:21ஐயும் சபைக்கு விளக்கிக் காட்டவில்லை. மக்கள் நம்புவது மாநாட்டு அறிக்கைகளை அன்று, வேதாகமத்தை. வேதாகமத்தின் சொற்களில் வேரூன்றாத இறையியல் கல்லூரிச் சுவருக்குள்ளேயே நின்றுவிடும்.

6. சில தடைகள்

இக்கருத்துக்கு எதிராக இரண்டு தடைகள் எழுப்பப்படலாம். முதலாவது பாட ஆய்வைச் சார்ந்தது. 2012இல் வெளிவந்த நெஸ்லே-ஆலந்து கிரேக்கப் பதிப்பின் இருபத்தெட்டாம் வெளியீடு, 2 பேதுரு 3:10இல் 'கண்டறியப்படாது' என்ற எதிர்மறை வடிவத்தை ஏற்றுள்ளது. கிரேக்கக் கைப்பிரதி எதிலும் இவ்வடிவம் இல்லை. கொப்திய, சிரியா மொழிபெயர்ப்புகளிலேயே இதற்குச் சான்று உண்டு. ஆயினும் பதிப்பாசிரியர்களின் முடிவை இலேசாக ஒதுக்கிவிட முடியாது. இதிலிருந்து நாம் அறிவது யாது? ஒரு வினைச்சொல்லின் பாடபேதத்தின்மீது உலக முடிவைப் பற்றிய போதனையை நிறுவலாகாது. அழிவைப் போதிப்போருக்கும் இது பொருந்தும், புதுப்பித்தலைப் போதிப்போருக்கும் இது பொருந்தும்.

நமது அடித்தளம் வேறு. அது இயேசு கிறிஸ்துவின் உயிர்த்தெழுதல். கல்லறையில் வைக்கப்பட்ட சரீரம் அங்கே விடப்பட்டு, வேறொரு சரீரம் அளிக்கப்படவில்லை. கல்லறை வெறுமையாயிருந்தது. எழுந்தவர் பூட்டிய அறைக்குள் வந்தார். ஆயினும் தோமாவுக்குக் காட்டிய கைகளில் ஆணிகளின் தழும்பு இருந்தது. முற்றிலும் புதியவர், ஆனால் அவரே. கடவுள் ஒன்றைப் புதிதாக்குவது எப்படி என்பதற்கு நமக்கு அளிக்கப்பட்ட ஒரே முன்மாதிரி இதுதான். தம் குமாரனின் காயப்பட்ட சரீரத்தை எறிந்துவிடாதவர், தாம் படைத்த காயப்பட்ட பூமியையும் எறிந்துவிடமாட்டார்.

இரண்டாவது தடை இதைவிடக் கடுமையானது. உலகம் புதுப்பிக்கப்படும் என்று போதித்தால், மனித முயற்சியால் இறையாட்சியைக் கட்டிவிடலாம் என்ற பழைய மயக்கம் மறுபடி எழாதா? 1914இல் மூண்ட உலகப்போர் அம்மயக்கத்தைக் கலைத்ததை நாம் மறக்கவில்லை. எனவேதான் நியாயத்தீர்ப்பின் அக்கினியை நாம் நீக்கிவிடக் கூடாது. புதிய எருசலேம் பூமியிலிருந்து எழும்புவதில்லை. அது கடவுளிடத்திலிருந்து இறங்கி வருகிறது. ஆனால் அது இறங்கி வரும் இடம் பூமியே என்பதையும் கவனிக்க வேண்டும். மனிதர் கடவுளிடம் தப்பியோடுவதாக அத்தரிசனம் முடியவில்லை. கடவுள் மனிதரோடு குடியிருக்க வருவதாக முடிகிறது.

7. இதனால் வரும் மாறுதல்

இவ்வாய்வு பண்டிதரின் பொழுதுபோக்கன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது, தமிழகத்தில் மிக அதிகமான உயிர்களை இழந்தது நாகப்பட்டினக் கடற்கரை. அந்நாட்களில் உலக முடிவின் அடையாளம் என்று இதை விளக்கினோர் இருந்தனர். பூமி எப்படியும் அழியப் போகிறது என்போருக்கு, பிள்ளைகளைப் புதைத்த தாய்மாரிடம் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் அம்மக்கள் உப்புநீர் புகுந்த வயல்களிலிருந்து உப்பை வெளியேற்றி, அதே மண்ணில் மறுபடியும் நெல் விதைத்தனர். அதை இறையாட்சி என்று நாம் கூறவில்லை. ஆனால் ஏசாயா 65ஆம் அதிகாரத்தில், வீடு கட்டியவர் அதில் குடியிருப்பர், நட்டவர் அதன் கனியைப் புசிப்பர், பிள்ளைகள் அகால மரணத்திற்குப் பெறப்படுவதில்லை என்ற வாக்குத்தத்தத்தை வாசிக்கும்போது, அத்தாய்மாரின் கண்ணீருக்கு நேர்முகமாகப் பேசும் வார்த்தை அங்கே இருப்பதைக் காண்கிறோம். அந்த வார்த்தையை அவர்களுக்கு மறைப்பது ஊழியத்தின் குறை.

கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலைப் பற்றிய தமது நீண்ட அதிகாரத்தைப் பவுலடியார் எவ்வாறு முடிக்கிறார் என்பதை நோக்குவோம். மகிமையின் நம்பிக்கையைக் கூறியபின், ஆகையால் ஆண்டவருக்குள் நீங்கள் படும் பிரயாசம் வீணாகாது என்ற கருத்தோடு நிறுத்துகிறார் (1 கொரிந்தியர் 15:58). எரிந்துபோகும் வீட்டில் செய்யும் பிரயாசம் வீணே. ஆனால் புடமிட்டுப் புதிதாக்கப்படும் உலகில், அன்பினால் செய்தது எதுவும் இழக்கப்படுவதில்லை, அது கண்டறியப்படும். ஆற்றைக் காக்கும் வேலையும், நோயாளியைக் கழுவும் கையும், நிலமற்றவருக்கு நியாயம் தேடும் வழக்கும் அந்நாளில் அவர் முன் நிற்கும்.

ஆகவே நாம் முன்வைப்பவை மூன்று. வேதாகமத்தின் புதிய பதிப்புகளில் இம்மூன்று வசனங்களுக்கும் அடிக்குறிப்புகள் சேர்க்கப்பட வேண்டும். பழைய திருப்புதலை நேசிப்போருக்கும் அது தடையாகாது. இறையியற் கல்லூரிகளில் முடிவியலைக் கற்பிக்கும்போது, மேலைநாட்டு இறையியலாரின் நூல்களோடு தமிழ் வேதாகமத்தின் சொற்களும் ஆராயப்பட வேண்டும். அடக்க ஆராதனைகளில், மரித்தவர் கிறிஸ்துவோடு இருக்கிறார் என்று ஆறுதல் கூறும் குருமார், அத்தோடு நின்றுவிடாமல், அவர் எழுந்திருப்பார், அவர் உழுத நிலமும் புதிதாகும் என்று சேர்த்துக் கூற வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் நின்று மண்ணை மண்ணுக்கு ஒப்புக்கொடுக்கும் நாம், அந்த மண்ணும் வாக்குத்தத்தத்துக்கு உட்பட்டது என்பதை அறிந்தே ஒப்புக்கொடுப்போமாக.